முதல் சிரிஞ்சு சாமிக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் வேலையில் இருந்தேன். எட்மன்டன் நகரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தண்ணீர் போத்தல்களில் வரும். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்வேன்.

2. அம்மா சிகிச்சை பெறும் புற்றுநோய் நிலையத்திலிருந்து தாதி தொலைபேசியில் அழைத்தார்.

3. அம்மாவுக்குக் கொடுக்கப்படும் கஞ்சா எண்ணெய் முடியவேண்டிய நாளுக்கு முன்பே முடிந்துபோகிறது என்றார். ஒரு போத்தல் அல்ல, ஒவ்வொரு போத்தலும்.

4. டொக்டர் சொன்ன அளவைவிட அம்மா கூடுதலாக எடுக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

5. வீட்டில் வேறு யாராவது, என்று மிகவும் மரியாதையாக இழுத்தார். என் தம்பி நரேஷின் முகம் ஒரு கணம் நினைவில் வந்து போனது. இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

6. அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டார். காரணம் தெரியாவிட்டால் டொக்டர் அந்த மருந்தை நிறுத்திவைக்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார்.

7. சிந்திவிடுகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அதை எழுதிக்கொண்டு அவரும் போனை வைத்திருப்பார்.

8. திரும்ப அழைக்கிறேன் என்று சொன்னேன். பிறகு ஓய்வறைக்குப் போய், முனியாண்டி சாமியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் மூன்றாம் இலக்கத்திலேயே நின்றிருப்பீர்கள். எஹலியகொடைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாரம் படித்து வளர்ந்த பிள்ளை, கஞ்சா எண்ணெய் என்று தேங்காய் எண்ணெயைப் போல எழுதுகிறதே என்று நினைப்பீர்கள். குறை சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை முதல்முறை ஒரு டொக்டர் வாயால் கேட்டபோது நானும் அப்படித்தான் நின்றேன்.

*

என் அம்மா பால் வெட்டியவர். தேயிலைத் தோட்டத்து உறவினர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும்: றப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவி, வடிகிற பாலைச் சிரட்டையில் பிடிக்கும் வேலை. கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது மலை தெரியும். பால் வெட்டுபவர்களுக்கு நிமிர்ந்தாலும் மரம்தான் தெரியும் என்பார் அம்மா.

அப்பா இறந்த பிறகு, எனக்கு இங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் அம்மாவையும் நரேஷையும் அழைத்துக்கொண்டேன். நரேஷ் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். இப்போது வீடுகளுக்குச் சூடேற்றும் இயந்திரம் பூட்டும் வேலை செய்கிறான். கனவுகூட ஆங்கிலத்தில்தான் வருகிறதாம். அம்மா வந்த முதல் வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்ற மரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பட்டை தடிப்பு. பால் வராது," என்றார். இந்த ஊரைப் பற்றிய அவரது கருத்து அதற்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வாசலில் பச்சை இலை வரைந்த ஒரு கடை இருக்கிறது. இங்கே பெரியவர்கள் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. அம்மா நீண்ட நாள் அதைக் கீரைக்கடை என்றே நினைத்திருந்தார். "இந்தக் குளிர்லயும் கீரைக்கு இம்புட்டுக் கூட்டம்," என்று பாராட்டுவார். நரேஷ் சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பான்.

போன வருடம் இலை உதிரும் காலத்தில் அம்மாவின் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு கீமோ தொடங்கியது. அம்மாவை வீழ்த்தியது நோயோ கத்தியோ அல்ல, கீமோவுக்குப் பிறகு வந்த குமட்டல்தான். வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். அதுவும் போதவில்லை. சோறு வேகும் மணத்துக்கே எழுந்து ஓடினார். எடை இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும், அது நல்லதல்ல என்று டொக்டர் சொன்னார். அதன் பிறகுதான் அந்த எண்ணெயைப் பற்றிப் பேசினார்.

அவர் சொன்னதை நான் அங்கேயே குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம்:

இது புற்றுநோயைக் குணப்படுத்தாது. வழக்கமான மருந்துகள் போதாதபோது குமட்டலைக் குறைக்கவும் பசியைக் கொண்டுவரவும் உதவலாம். சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. தலைசுற்றும், தூக்கம் வரும், எழும்போது விழக்கூடும். ஆகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நிலையத்தில் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அவர் யாழ்ப்பாணத்துப் பெண், நல்லவர். ஆனால் அம்மா முதல் நாளே, "அந்தப் புள்ள ரொம்ப நல்லா நியூஸ் வாசிக்குது. என்ன சொல்லுதுன்னுதான் வெளங்கல," என்று முடிவு கட்டிவிட்டார். ஆகவே மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அன்று நான், "ஒரு மூலிகை எண்ணெய்," என்று மெதுவாகத் தொடங்கினேன்.

"என்னா மூலிகை?"

"கஞ்சா."

அம்மா டொக்டரைத் தலையிலிருந்து சப்பாத்து வரை ஒருமுறை பார்த்தார்.

"இவருக்குக் கலியாணம் ஆயிருச்சா?" என்றார்.

அம்மா என்ன சொல்கிறார் என்று டொக்டர் ஆவலாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறாராம் என்றேன்.

*

எண்ணெய் வீட்டுக்கு வந்தது. சிறிய போத்தல், கூடவே ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு. அம்மாவின் ஒரு வேளைக்குக் கால் சிரிஞ்சு. போத்தல் மேசையில் இருந்தது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

கசக்கும் என்றார் முதலில். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயில் கரைத்தது, கசப்பு அதிகம் இராது என்று விளக்கினேன். "தேங்கா எண்ணெயா? அப்ப தலைக்குத் தேச்சுக்கிறேன்," என்றார்.

பொலிஸ் வரும் என்றார். சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். "நம்ம ஊர்ல இதுக்குத்தான ஜீப்ல ஏத்திட்டுப் போவாங்க. இங்கன டொக்டரே எழுதித் தாராரு. ரெண்டுல எது மெய்?" என்று கேட்டார். இரண்டும் மெய், ஊருக்கு ஊர் சட்டம் வேறு என்றேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

பழக்கமாகிவிடும் என்றார். இந்த அளவில், டொக்டர் பார்வையில் எடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு என்று அச்சடித்த தாளைக் காட்டினேன். நரேஷுக்கு அங்கே வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. திறந்தான்.

"அம்மா, இதுல டி.எச்.சி. கொஞ்சம்தான். இது எண்ணெய், மெதுவா ஏறும். உடனே வேலை செய்யல்லன்னு நீங்க திருப்பி எடுத்துறக் கூடாது. எல்லாரும் அந்த மிஸ்டேக்தான் பண்ணுவாங்க."

அம்மா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாருமின்னா?"

"கேள்விப்பட்டது."

"எங்கன கேள்விப்பட்ட? அந்தக் கீரைக்கடையிலயா?"

கீரைக்கடை என்ன கடை என்பது அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருந்தது என்பதை நாங்கள் இருவரும் அன்றுதான் அறிந்தோம். நரேஷ் குளிரங்கியை எடுத்துக்கொண்டு ஏதோ வேலையிருப்பதாகச் சொல்லி வெளியே போனான். அது அவனுடைய விடுமுறை நாள்.

நான் மட்டும் சளைக்கவில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பதில் தயாரித்தேன். பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரி தவறிப்போனால், எங்கே தவறியது என்று படிப்படியாகத் தேடுவோம். அதேபோல் அம்மாவையும் படிப்படியாகத் தேடினேன். அம்மா ஒவ்வொரு பதிலையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புதிதாக ஒரு மறுப்பைச் சொன்னார். கடைசியில், போத்தலின் மூடி அழகாக இல்லை என்றுகூடச் சொன்னார்.

ஒரு நாள் இரண்டு கரண்டி கஞ்சி குடித்து, இரண்டையும் வாந்தியெடுத்து, குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கை எலும்பு துணிக்கு மேலாகத் தெரிந்தது. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நெசமான காரணத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் போதும்."

வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஏதோ வெட்கப்பட்டவர்போல் சொன்னார்:

"அது சாமியோடது, கௌரி."

*

எனக்கு அது உடனே புரிந்தது. இவ்வளவு நாளும் புரியாமல் இருந்ததுதான் வியப்பு.

எங்கள் தோட்டத்தில் றப்பர் மலை தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய மரத்தடியில் முனியாண்டி கல் இருக்கிறது. மரங்கள் இலை உதிர்த்து, புதுத் தளிர் விட்டு, மறுபடி வெட்டுத் தொடங்கும்போது அங்கே பூசை நடக்கும். முதல் நாள் முதல் மரத்துச் சிரட்டைப் பால் கல்லடியில் ஊற்றப்படும். அதற்குப் பிறகுதான் மற்றப் பாலெல்லாம் தோட்டத்துக்கு. சாமிக்குச் சுருட்டு வைப்பார்கள், கால் போத்தல் சாராயம் வைப்பார்கள், கடதாசியில் மடித்த ஒரு சின்னப் பொட்டலமும் வைப்பார்கள். பொட்டலம் வரும் நேரத்தில் பெண்களெல்லாம் பொங்கல் பானைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அதில் தேயிலைத் தூள் இருக்கிறது என்று நம்பினேன். பொங்கல் சாப்பிட வரும் பொலிஸ் ராளஹாமியும் அந்த ஒரு நிமிடம் பானைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவ்வளவு ஒழுங்கான பூசை.

பூசை முடிந்தால் சுருட்டையும் சாராயத்தையும் ஆண்கள் பங்கு போடலாம். பொட்டலத்தைத் தொடக்கூடாது. அது கல்லடியிலேயே மழையில் கரைந்து போகும். ஒரு வருடம் மேட்டு லயத்து வேலு அதை எடுத்துப் புகைத்துவிட்டான். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று, தான்தான் தோட்டத்தை நடத்த வந்த புதிய தொரை என்று சொல்லி, மேற்பார்வை பார்க்கும் ஐயாவுக்கே வெட்டவேண்டிய மலையைப் பிரித்துக் கொடுத்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் லயத்தில் இரண்டு தலைமுறை சிரித்திருக்கிறது. அம்மா மட்டும் அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலுவின் பிள்ளைக்கு அதே மாதம் காய்ச்சல் வந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அம்மா அந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருந்தார்.

"எனக்கு என்னாச்சும் ஆனா பரவால்ல," என்றார், குளியலறைத் தரையிலிருந்து. "நான் சாமி பங்கத் தின்னுட்டுப் போயிருவேன். அது வந்து விடியப் போறது ஒங்க ரெண்டு பேரு தலையில."

பக்க விளைவுகள் என்று தலைப்பிட்டு நான் எழுதிய பட்டியலில் இது இல்லை. தாளைக் கையில் வைத்திருந்தேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். காய்ச்சலுக்கும் பொட்டலத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல வாய் வந்தது. பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கும் ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நரேஷ்தான் பேசினான்.

"அப்ப சாமிகிட்ட பர்மிஷன் கேட்டாப் போச்சு. மாமாதானே பூசாரி."

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். கோயிலுக்குப் போனால் செருப்பைக் காவல் காக்கிறேன் என்று வெளியே நிற்பவன் அவன்.

*

மாமா என்பது அம்மாவின் தம்பி தங்கராஜ். இப்போது த்ரீவீல் ஓட்டுகிறார். வருடத்தில் சில நாள் பூசாரி. எங்களுக்கு விடியும் முன்னும் அவருக்கு அந்திக்கு முன்னுமான ஒரு நேரத்தில் வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தோம். அம்மா எழுந்து நிற்கவே சிரமப்பட்டவர், அன்று சேலை கட்டி, திருநீறு பூசி, டேப்லெட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கேட்கும் முறை எளிது. கல்லின் உச்சியில் ஒரு பூவை வைக்க வேண்டும். கல்லைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. வேறு தோட்டங்களில் வேறுமாதிரி இருக்கலாம், எங்கள் தோட்டத்தில் இப்படி.

"ஹரி அக்கா, பூ வச்சாச்சு," என்றார் மாமா; 'சரி' என்பதற்கு அவருக்குச் சிங்களச் சொல்தான் வரும். தன்னுடைய முகமும் தெரிய வேண்டும், கல்லும் தெரிய வேண்டும் என்று கல்லுக்கு முதுகு காட்டி நின்று, போனைக் கையை நீட்டிப் பிடித்திருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால் ஈரக் கல்லும், அதன் மேல் ஒரு சிவப்பு அரளியும் தெரிந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது.

பூ விழவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

"மழ அக்கா. கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"சாமிக்கு என்னா அவசரம். நீ நில்லு."

மாமா நின்றார். பின்னால் யாரோ சிங்களத்தில், என்ன தங்கராஜ், செல்ஃபியா என்று கேட்டுக்கொண்டு போனார். மாமா வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். மழை கொஞ்சம் வலுத்தது. மாமா தும்மினார். பூ விழுந்தது.

எங்கள் திரையில் வலப்பக்கம் விழுந்தது.

"எடப்பக்கம்," என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. "அனே அக்கா. எடப்பக்கம் போயிருச்சு."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அழவில்லை. சரி என்பதுபோல் ஒருமுறை தலையசைத்துவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார். பசியோடு இருப்பவர் அடுத்த வேளையும் இல்லை என்று கேட்டால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

கண் முன்னால் ஒன்று நடக்கிறது, பூசாரி வேறொன்று சொல்கிறார். அம்மா பூசாரியை நம்பினார். எனக்கு மூளை வேலை செய்யச் சற்று நேரம் பிடித்தது.

"மாமா, நீங்க போனைப் பாத்தா சொல்றீங்க, கல்லைப் பாத்தா?"

"போனைப் பாத்துதான்."

"முன்பக்கக் கமெரா ஒங்களுக்குக் கண்ணாடி மாதிரித்தான் காட்டும் மாமா. வலது எடதாத் தெரியும். எங்களுக்கு அப்பிடித் தெரியாது. திரும்பிக் கல்லைப் பாருங்க."

திரையில் வானமும் மரக்கிளையும் மாமாவின் சட்டைப் பொத்தானும் சுழன்றன. 

"மாமா?"

"வலது," என்றார். "வலதுதான் புள்ள. சோத்துக்கைப் பக்கம். அக்கா, வலது."

அம்மா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். "தம்பி, நல்லாப் பாத்தியா?"

"கையி படாமப் பாத்தேன் அக்கா."

"தும்முனதுல விழுந்ததுதானே அது," என்று நரேஷ் என் காதருகே சொன்னான். அம்மாவுக்குக் காது கூர்மை.

"தும்மல மட்டும் யாரு குடுத்தா?" என்றார்.

சாமி சம்மதித்தாலும் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். முதல் சிரட்டை எப்படியோ அப்படியே முதல் சிரிஞ்சும். ஒவ்வொரு புதுப் போத்தலிலும். கால் சிரிஞ்சு போதுமே என்று நான் பேரம் பேசிப் பார்த்தேன். "எனக்கு அளந்து ஊத்துறத சாமிக்கும் ஊத்துவியா? பிச்சையா போடுற?" என்றார். முழுச் சிரிஞ்சு என்று முடிவானது.

நரேஷ் ஆற்றங்கரையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து பின்வாசல் படிக்குப் பக்கத்தில் பனியை ஒதுக்கி நட்டான். என் பங்குக்கு நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். எண்ணெயைக் கல்லில் ஊற்றக்கூடாது. இங்கே அணில்கள் அதிகம், வேலுவின் கதை ஒன்று போதும். திரியில்லாத அகல் விளக்கில் ஊற்றிக் கல்லுக்கு முன் வைப்பது, சூடம் ஏற்றி அது அணையும் வரை அருகிலேயே நிற்பது, பிறகு மீந்த மருந்தை எப்படி அப்புறப்படுத்தச் சொன்னார்களோ அப்படிச் செய்வது. அம்மா யோசித்துவிட்டு, "சாமி மோந்து பாத்தாப் போதும்," என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு உள்ளே வந்து தன்னுடைய கால் சிரிஞ்சை, கண்ணை மூடிக்கொண்டு, எடுத்தார். நரேஷ் எதிரே நாற்காலியைப் போட்டு ஆவலாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பாக்குற? நான் தொரையாயிருவேன்னா?"

ஆகவில்லை. தூங்கிவிட்டார்.

முதல் சில நாட்கள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டொக்டர் அளவைச் சற்றுக் கூட்டினார். ஒரு காலை அவசரமாக எழுந்து, தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழப் பழகிக்கொண்டார். அடுத்த கீமோ முடிந்து வந்த மறுநாள் நான் சமையலறைக் கதவை மூடிவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அம்மா நின்றார். எழுந்து ஓடத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"கருவாடு இருக்கா?" என்றார்.

*

இதை வாசித்துவிட்டு மாமாவிடம் போய் நிற்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அங்கே கையில் கிடைக்கும் பொட்டலமும் இந்தப் போத்தலும் ஒன்றல்ல. இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பரிசோதனைக் கூடம் பார்த்திருக்கிறது. என்னைப்போல் ஒருத்தி அங்கே நின்று பார்த்திருப்பாள். நான் எதையும் அனுப்பமாட்டேன், யார் கையிலும் கொடுத்துவிடமாட்டேன். கேட்பதென்றால் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். வாந்திக்கு அவரிடம் இருக்கும் மருந்துகளே பலருக்குப் போதும். அம்மாவுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு இருக்கும் நோயே உங்களில் யாருக்காவது இருந்து, அவருக்கும் எதுவும் போதாமல் போனால் என்ன செய்வது என்று மாமா என்னைக் கேட்டார்.  அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் தாதியைத் திரும்ப அழைத்தேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காவல் தெய்வம் இருக்கிறது, இந்தச் செடி அதற்குரியது, ஒவ்வொரு போத்தலிலும் முதல் சிரிஞ்சு அதற்குப் போகிறது, யாரும் அதைக் குடிப்பதில்லை, நான்தான் பிறகு அப்புறப்படுத்துகிறேன் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னபோது எல்லாம் ஐந்து வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அதுவே எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் இல்லை.

ஒவ்வொரு முறையும் அதே அளவுதானா என்று கேட்டார்.

அதே அளவுதான் என்றேன்.

பிள்ளைகள், விலங்குகள் யாருக்கும் எட்டாதே?

அணில்களைப் பற்றிய ஏற்பாட்டைச் சொன்னேன்.

அப்போதுதான் தட்டச்சுச் சத்தம் கேட்டது. எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்: முதல் அளவு குடும்ப வழக்கப்படி ஒதுக்கப்படுகிறது, நோயாளி குறித்த அளவையே எடுக்கிறார். இதை டொக்டருக்குக் காட்டுவேன், தடை இருக்காது என்று நினைக்கிறேன் என்றார். மறுநாள் டொக்டரின் சம்மதமும் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பரவால்லயே, மிஸிக்கு வெளங்கியிருக்கு," என்றார். "அவங்க ஊர்லயும் சாமி இருக்கும்போல."

இப்போதைய நிலைமை இது. எண்ணெய் தொடங்கிய பிறகு கீமோ ஒன்றும் தள்ளிப்போகவில்லை. இன்னும் இரண்டு இருக்கின்றன. இறங்கிய எடையில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, எல்லாம் வரவில்லை. குமட்டல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. புற்றுநோய் என்ன ஆனது என்பது பனி கரைந்த பிறகு எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும். அதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அம்மா காலையில் கஞ்சி குடிக்கிறார், பின்னேரம் சோறு சாப்பிடுகிறார், கருவாடு இருந்தால் இன்னும் கொஞ்சம். புதுப் போத்தல் வெள்ளிக்கிழமை வருகிறது. முதல் சிரிஞ்சு சாமிக்கு.